பத்து அறைக்கு ஒரு தேநீர்க்கூடம்

மாணவர் விடுதி எப்படி இருக்க வேண்டும்? அகமதாபாத்தின் செங்கல் கட்டிடங்கள் சொல்லும் பாடம்

ஜூன், ஜூலை மாதங்கள் பிறந்துவிட்டால் தாதரிலும் குர்லா டெர்மினசிலும் ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் சில குடும்பங்களைத் தனியே அடையாளம் கண்டுகொள்ளலாம். புதிய பெட்டி, புதிய பக்கெட், சுருட்டிக் கட்டிய மெத்தை, துணியில் சுற்றிய ஊறுகாய் பாட்டில். நடுவே பதினெட்டு வயதுப் பையனோ பெண்ணோ நிற்கும். கல்லூரி விடுதிக்குப் புறப்பாடு! அப்பா கட்டண ரசீதை மூன்றாம் முறையாக எடுத்துப் பார்ப்பார். மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று அம்மாவுக்குக் கவலை.

கட்டணம் எவ்வளவு, சாப்பாடு எப்படி, குளியலறையில் தண்ணீர் வருமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கட்டிடம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? நம் பிள்ளை அங்கே நாலு பேரோடு பழகுவதற்கு இடம் இருக்கிறதா?

நாலு சுவரும் ஒரு கட்டிலும் இருந்தால் போதாதா என்று நினைப்பவர்கள் உண்டு. வீட்டை விட்டு முதல் முறையாக வெளியே போகும் பிள்ளைக்கு அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகள் அந்தக் கட்டிடம்தான் வீடு, அதுதான் தெரு, அதுதான் ஊர். அங்கே அவன் தினமும் யார் முகத்தில் விழிக்கிறான், யாரோடு உட்கார்ந்து பேசுகிறான், ஒரு வேளை சாப்பிட வராவிட்டால் யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்பதில் அந்தக் கட்டிடத்தின் சுவருக்கும் படிக்கட்டுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

இந்த உண்மையை உணர்ந்து ஒரு விடுதியைத் திட்டமிட்டவர் லூயி கான் என்ற அமெரிக்கக் கட்டிடக் கலைஞர். அவர் அதைக் கட்டிய இடம் அமெரிக்கா அல்ல. மும்பையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் இருக்கும் அகமதாபாத். அந்த விடுதிகளை இடிப்பதா, காப்பதா என்று சில ஆண்டுகளுக்கு முன் உலகமே பேசியது.

நாம் அறிந்த வராந்தா

மும்பைத் தமிழர்களுக்கு இந்த விஷயத்தைப் புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை. வொர்லி, நய்காவ் பகுதிகளின் பி.டி.டி. சால்களை நினைத்துப் பார்த்தால் போதும். 1920-களில் அன்றைய பம்பாய் வளர்ச்சித் துறை தொழிலாளர்களுக்காகக் கட்டிய கட்டிடங்கள் அவை. ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 160 சதுர அடியில் ஓர் அறை. குழாயும் கழிப்பறையும் பொது. கதவைத் திறந்தால் எல்லோருக்கும் பொதுவான நடை.

அந்த நடையில்தான் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். பெண்கள் அரிசியில் கல் பொறுக்கினார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் பாயை விரித்தார். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் எதிர்வீட்டு அடுப்பில் கஞ்சி கொதித்தது. இதற்காக யாரும் சங்கம் கூட்டித் தீர்மானம் போடவில்லை. கதவைத் திறந்தால் எதிரே மனிதர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சால்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழும்புகின்றன. 160 சதுர அடிக்குப் பதிலாக 500 சதுர அடி, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. மூன்று தலைமுறை பட்ட கஷ்டத்துக்கு அது நியாயமான விடிவு. மறுபடி பொதுக் குழாயில் வரிசையில் நில் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் லிப்டின் முன்னால் நின்று யாரும் அரிசியில் கல் பொறுக்குவதில்லை. வசதியைக் கூட்டும்போதே வராந்தாவையும் விட்டுவைக்க முடியாதா? மாணவர் விடுதியிலும் கேள்வி இதுவேதான்.

மரத்தடியில் பிறந்த பள்ளி

அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம், அதாவது ஐ.ஐ.எம்., 1961-ல் தொடங்கப்பட்டது. விஞ்ஞானி விக்ரம் சாராபாயும் ஆலையதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் அதற்கு முன்னின்றவர்கள். அகமதாபாத் அன்று பஞ்சாலைகளின் நகரம். அந்த ஆலைகளை நம்பிப் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் மணிநகர்ப் பக்கம் வேரூன்றியதை நம்மில் பலர் அறிவார்கள்.

புதிய கழகத்தின் கட்டிடங்களுக்கு லூயி கானை அழைக்கலாம் என்று யோசனை சொன்னவர் அகமதாபாத்தில் தொழில் நடத்திவந்த இளம் கட்டிடக் கலைஞர் பி.வி. தோஷி. 1962-ல் கான் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். டாக்காவில் இன்று வங்கதேச நாடாளுமன்றமாக இருக்கும் மாபெரும் கட்டிடத்தைத் திட்டமிட்டவரும் இவரே. அவருடைய வாழ்க்கையில் நமக்குப் பரிச்சயமான ஓர் அம்சம் உண்டு. 1901-ல் எஸ்தோனியாவில் பிறந்த அவரைச் சிறு குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் பிழைப்பு தேடி அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள். பிலடெல்பியா நகரில் வறுமையில் வளர்ந்தவர் அவர். அந்நிய ஊரில் நாலு பேர் துணை எத்தனை பெரிது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

கல்வி பற்றிக் கான் அடிக்கடி சொல்லிவந்த கருத்து ஒன்று உண்டு. ஒரு மரத்தடியில் ஒருவர் தமக்குத் தெரிந்ததைச் சிலரோடு பேசிக்கொண்டிருந்தார். தாம் ஆசிரியர் என்று அவருக்குத் தெரியாது. தாங்கள் மாணவர்கள் என்று கேட்டவர்களுக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் அப்படித்தான் பிறந்தது என்பார். திண்ணைப் பள்ளிக்கூடம் கண்ட நமக்கு இது புதிய செய்தியல்ல. வகுப்பறையில் மட்டும் கல்வி நடப்பதில்லை. நடையிலும் படியிலும் நின்று பேசும்போதும் நடக்கிறது என்பது அவர் நம்பிக்கை.

அகமதாபாத் கழகத்தின் கற்பிக்கும் முறையும் இதற்கு ஒத்துவந்தது. தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி இதற்கு உதவியது. ஒரு நிறுவனத்தில் உண்மையில் எழுந்த சிக்கலை எழுத்தில் கொடுத்துவிடுவார்கள். மாணவர்கள் இரவில் அதைப் படித்து, தங்களுக்குள் வாதாடி, மறுநாள் வகுப்பில் விவாதிக்க வேண்டும். ஆக, பாதிப் பள்ளிக்கூடம் இரவில் விடுதியில்தான் நடக்கிறது. விடுதியைத் தூங்கும் கொட்டகையாகக் கட்டினால் படிப்பே கெட்டுப்போகும்.

தாழ்வாரத்தை ஒழித்த கதை

சாதாரணமாக விடுதி கட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ரயில் பெட்டி போல ஒரு நீண்ட தாழ்வாரம். இருபுறமும் வரிசையாக அறைகள். கோடியில் குளியலறை. கணக்குப் போட எளிது, செலவு குறைவு. தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறவர் யார், எந்த அறை என்று தெரியாமலே ஆண்டு ஓடிவிடும்.

கான் அந்தத் தாழ்வாரத்தையே நீக்கிவிட்டார். ஒவ்வொரு மாடியிலும் ஏறத்தாழ பத்து அறைகளை ஒரு தொகுதியாக்கினார். அவற்றை ஒரு படிக்கட்டையும் ஒரு தேநீர்க்கூடத்தையும் சுற்றி அமைத்தார். படியேறி வருகிறவன் அந்தக் கூடத்தைக் கடக்காமல் தன் அறைக்குப் போக முடியாது. அங்கே இரண்டு பேர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். போகிறவன் ஒரு நிமிடம் நிற்பான். ஒரு நிமிடம் அரை மணி நேரமாகும். கதவைச் சாத்திக்கொண்டு தனியே படிக்க விரும்பினால் அதற்கும் தடையில்லை, அறை அவனுடையது.

இதிலே இன்னொரு நுட்பம், வெயிலைப் பற்றியது. அகமதாபாத்தின் கோடை கொடியது. படிக்கட்டையும் குளியலறையையும் தேநீர்க்கூடத்தின் வாயிலையும் வெயிலுக்கும் அறைகளுக்கும் நடுவே தடுப்பாக நிற்கும்படி வைத்தார். வெயிலின் கூச்சம் தடுக்கப்பட்டது. காற்று தடைபடாமல் ஊடுருவியது. வெளிச்சுவர்களில் பெரிய வளைவுகளும் வட்டத் திறப்புகளும் விட்டார். விலையுயர்ந்த பொருள் எதையும் தேடிப் போகவில்லை. உள்ளூர்ச் செங்கல், வளைவு விரிந்துவிடாமல் கட்டிப் பிடிக்கக் குறுக்கே ஒரு கான்கிரீட் விட்டம். நம் ஊர்க் கொத்தனார் பார்த்தாலும் புரிந்துகொள்ளக்கூடிய கட்டுமானம்தான்.

இப்படிப் பதினெட்டு விடுதிகள் அங்கே எழுந்தன. வகுப்பறையும் நூலகமும் விடுதியும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் ஒரே ஊராக நிற்கின்றன. கட்டிட வேலை நடந்துகொண்டிருந்தபோதே கான் மறைந்தார். 1974 மார்ச்சில் அகமதாபாத் வந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. எஞ்சிய வேலையை அவரோடு பணியாற்றிய அனந்த் ராஜே தொடர்ந்து நடத்தினார்.

பக்கத்துக் கதவு, எட்டாத கதவு

பத்து அறை, ஒரு கூடம் என்பது கானின் மனப்போக்கில் வந்த கணக்கு மட்டும்தானா? சமூக ஆராய்ச்சிகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய, மணமான மாணவர்களுக்காக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பைக் கட்டியது. யாருக்கு எந்த வீடு என்பது அவர்கள் விருப்பப்படி கொடுக்கப்படவில்லை. அங்கே யார் யாருக்கு நண்பர்களானார்கள் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து 1950-ல் நூலாக வெளியிட்டார்கள். அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னது 41 சதவீதம். அதே மாடியின் கோடியில் இருந்தவரைச் சொன்னது 10 சதவீதம் மட்டுமே. இரண்டு கோடிக்கும் நடுவே இருந்த தூரம் நூறு அடிகூட இல்லை! இன்னொன்றும் தெரிந்தது. படிக்கட்டின் அருகில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் அதிகம்.

குணம் ஒத்துப்போனால்தான் நட்பு என்று நினைக்கிறோம். குணம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கே முதலில் இருவரும் எதிர்ப்பட வேண்டுமே! அந்த வாய்ப்பைப் படிக்கட்டு கொடுக்கிறது.

1970-களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சி இன்னும் தெளிவானது. நீண்ட தாழ்வாரத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்களாக வசித்த மாணவர்களையும், நாலைந்து பேர் ஒரு கூடத்தைச் சுற்றி வசித்த மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆளுக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் தாழ்வாரத்து மாணவர்கள் எப்போதும் நெரிசலில் இருப்பதாக உணர்ந்தார்கள். விடுதிக்கு வெளியே ஒரு காத்திருப்பு அறையில் உட்கார வைத்தபோதுகூட, முன்பின் தெரியாதவரிடமிருந்து தள்ளியே உட்கார்ந்தார்கள். கூட்டம் மிகுந்தால் மனிதர் நெருங்குவதில்லை. ஒதுங்கப் பழகிக்கொள்கிறார் என்பதே இதன் பொருள்.

இதற்கு மருந்தும் கண்டார்கள். 1980-ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சியில், நாற்பது பேருக்கு மேல் வசித்த ஒரு நீண்ட தாழ்வாரத்தின் நடுவிலிருந்த மூன்று அறைகளை மட்டும் எடுத்துவிட்டுப் பொதுக்கூடமாக்கினார்கள். தாழ்வாரம் இரண்டாகப் பிரிந்து இருபது இருபது பேர் கொண்ட தொகுதிகளாயிற்று. மாற்றம் அவ்வளவுதான். அங்கிருந்த மாணவர்கள், மாற்றப்படாத தாழ்வாரத்தில் இருந்தவர்களைவிட நன்றாகப் பழகினார்கள். நெரிசல் உணர்வும் குறைந்தது. இந்த முடிவுகள் வெளிவருவதற்கு முன்பே கான் அகமதாபாத்தில் தமது பத்து அறைத் தொகுதிகளைக் கட்டிவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜன்னல் இல்லாத விடுதி

நல்ல நோக்கம் இருந்தும் வழி தவறிய கதையும் ஒன்று உண்டு. அமெரிக்கக் கோடீஸ்வரர் சார்லஸ் மங்கர், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ஒரு பெரிய விடுதி கட்ட 20 கோடி டாலர் தர முன்வந்தார். திட்டத்தையும் அவரே வகுத்தார். பதினோரு மாடி, ஏறத்தாழ 4,500 மாணவர்கள், ஆளுக்கு ஒரு தனி அறை. அந்த அறைகளில் 94 சதவீதத்துக்கு ஜன்னலே கிடையாது!

காரணம் கேட்டால் விடை தயாராக இருந்தது. அறை சிறிதாகவும் இருட்டாகவும் இருந்தால் மாணவர் அறையிலேயே அடைந்து கிடக்க மாட்டார்; பொதுக்கூடத்துக்கு வருவார்; நட்பு வளரும். 2021-ல் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த ஒரு கட்டிடக் கலைஞர் இதை எதிர்த்துப் பதவி விலகினார். எதிர்ப்பு வலுத்தது. 2023-ல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

மங்கரும் கானும் விரும்பியது ஒன்றே. மாணவர்கள் கூடிப் பழக வேண்டும். ஒருவர் அறையை நரகமாக்கி வெளியே துரத்தப் பார்த்தார். மற்றவர் அறைக்குக் காற்றும் வெளிச்சமும் கொடுத்து, போகிற வழியில் ஒரு தேநீர்க்கூடத்தை வைத்தார். விருந்தாளியைப் பட்டினி போட்டுப் பந்திக்கு இழுப்பதற்கும், வாசலில் கோலம் போட்டு வரவேற்பதற்கும் உள்ள வேற்றுமை இது.

பெங்களூரும் தாம்பரமும்

கானை அகமதாபாத்துக்கு வரவழைக்கக் காரணமாயிருந்த தோஷி பின்னாளில் பெங்களூர் பன்னர்கட்டா சாலையில் அந்நகரின் மேலாண்மைக் கழகத்தைத் திட்டமிட்டார். 1977-ல் தொடங்கிய வேலை அது. கருங்கல் சுவர்களும், பாதி நிழலும் பாதி வானமுமாக நீளும் நடைகளும் அங்கே புகழ்பெற்றவை. பழைய இந்திய நகரங்களையும் கோயில்களையும் மனதில் கொண்டு வகுத்தது அது என்பார்கள். நம் ஊர்ப் பெரிய கோயில்களின் பிரகாரத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும். பிரகாரம் நடப்பதற்கு மட்டும் உள்ள இடமா? உட்காரலாம், பேசலாம், ஊர்க்கதை கேட்கலாம். இங்கேயும் நடை என்பது வெறும் வழி அல்ல. தோஷிக்கு 2018-ல் கட்டிடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். 2023-ல் தமது 95-ஆம் வயதில் மறைந்தார்.

தமிழ்நாட்டிலும் பழைய உதாரணம் இருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் நகரை விட்டுத் தாம்பரத்துக்குப் போனபோது, விடுதிகளைச் சேலையூர், தாமஸ், ஹீபர் என்று தனித்தனி இல்லங்களாக அமைத்தது. அங்கே படித்தவர்கள் எந்த ஆண்டு என்பதற்கு முன் எந்த இல்லம் என்றே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஆயிரம் பேருக்கு ஒரே கட்டிடம் கட்டினால் இந்த உரிமை உணர்வு வருமா என்பது சந்தேகமே.

கூடம் கெட்டால்...

கூடி வாழும் இடத்துக்கு இருட்டுப் பக்கமும் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. நட்பு வளரும் அதே மாடியில் ராகிங் என்ற கொடுமையும் வளரலாம். 1996-ல் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவ மாணவர் விடுதியில் கொலையுண்டார். நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்குமான விதிகளைக் கொண்டுவந்தது. புதிய மாணவர்களை இயன்றவரை தனிப் பகுதியில் தங்க வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசியில் புகார் சொல்லலாம். பெட்டியில் துணி அடுக்கும்போது இந்த எண்ணையும் எழுதி வைத்து அனுப்புவது நல்லது.

கொடுமை நடப்பது பெரும்பாலும் யார் கண்ணும் படாத மூலையில்தான். தேநீர்க்கூடம் போல வருவோர் போவோர் கண்ணில் படும் இடத்தில் ஒருவனை மிரட்டுவது கடினம். ஆனால் கட்டிடமே காவல்காரர் ஆகிவிடாது. வார்டன் அங்கேயே வசிக்க வேண்டும். இரவில் ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும்.

இதைவிட மௌனமான ஆபத்து தனிமை. 2023-ல் ராஜஸ்தானின் கோட்டா நகரில், நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி பெற வந்த பிள்ளைகள் பலர் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மாவட்ட நிர்வாகம் விடுதி அறைகளின் மின்விசிறிகளை மாற்றி அமைக்க உத்தரவிட்டது. ஓர் உயிரை அது காத்தாலும் நல்லதே. ஆனால் அந்தப் பிள்ளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, முகம் வாடியிருக்கிறது, பேச்சு குறைந்துவிட்டது என்பதை விசிறி கவனிக்காது. மனிதர்தான் கவனிக்க வேண்டும். முந்நூறு பேர் சாப்பிடும் மெஸ்ஸில் ஒருவன் வராதது யாருக்கும் தெரியாது. பத்துப் பேர் தேநீர் குடிக்கும் கூடத்தில் ஒரு டம்ளர் மிஞ்சினால் உடனே தெரிந்துவிடும். “எங்கே அவன்?” என்று யாராவது கேட்பார்கள். விடுதியில் சமூகம் வேண்டும் என்று சொல்வதெல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

இடிப்பதா, காப்பதா?

அகமதாபாத் விடுதிகளுக்கு வருவோம். அரை நூற்றாண்டில் செங்கல் அரித்தது, சுவரில் நீர் கசிந்தது, விரிசல் விட்டது. 2001 ஜனவரி 26-ஆம் தேதி குஜராத்தைக் குலுக்கிய பூகம்பமும் தன் பங்குக்குச் சேதம் விளைவித்தது. மும்பையைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர் பிருந்தா சோமையாவின் நிறுவனத்திடம் சீரமைப்பு வேலை ஒப்படைக்கப்பட்டது. கழகத்தின் நூலகத்தைச் சீரமைத்ததற்கு 2019-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஒரு விடுதியும் சீரமைக்கப்பட்டது.

இந்த நிலையில் 2020 டிசம்பரில் கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பதினெட்டு விடுதிகளில் பதினான்கை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதாகச் சொன்னது. உலகெங்குமிருந்து கட்டிடக் கலைஞர்களும் பழைய மாணவர்களும் கண்டனம் தெரிவித்தார்கள். 2021 ஜனவரி முதல் தேதியே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் 2022 நவம்பரில், சீரமைப்பைத் தொடர்வதில்லை, பழுதடைந்தவற்றை மறுபடி கட்டுவதே வழி என்று கழகம் மீண்டும் அறிவித்தது.

கழகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும் கட்டிடத்தில், எவ்வளவு புகழ்பெற்றதானாலும், பிள்ளைகளைக் குடிவைக்க முடியுமா? பெற்ற மனம் ஒப்புமா? அதே சமயம், சீரமைக்க முடியும் என்பதற்கு நூலகமே சாட்சியாக நின்றது என்று எதிர்ப்பவர்கள் சொன்னதையும் தள்ளிவிட முடியாது.

செங்கல்லைப் பற்றி நிபுணர்கள் முடிவு செய்யட்டும். நாம் கேட்க வேண்டியது வேறு. இடித்தாலும் சீரமைத்தாலும், பத்து அறைக்கு ஒரு தேநீர்க்கூடம் என்ற அந்த ஏற்பாடு பிழைக்குமா? வெளிச்சுவரைப் பழைய மாதிரியே கட்டிவிட்டு உள்ளே ரயில் பெட்டித் தாழ்வாரத்தை நுழைத்தால், கானின் உடலை வைத்துக்கொண்டு உயிரைப் போக்கியதாகும். புதிய கட்டிடத்தில் அந்தக் கூடம் இருந்தாலோ, செங்கல் புதிதானாலும் பாதி நஷ்டம் தவிர்க்கப்படும்.

பெற்றோர் பார்க்க வேண்டியவை

ஐ.ஐ.எம். எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நம் பிள்ளைகள் போவது பெரும்பாலும் சாதாரணப் பொறியியல், கலை, நர்சிங் கல்லூரி விடுதிகளுக்குத்தான். அங்கேயும் இந்த அளவுகோல் பயன்படும். சேர்க்கப் போகும் நாளில் ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. ஒரு மாடியில் எத்தனை பேர்? பத்து, பதினைந்து பேருக்கு ஒரு பொது இடம் இருந்தால் நல்லது. நூறு பேருக்கு ஒரே டி.வி. அறை என்றால் அது இருந்தும் இல்லாதது போலத்தான்.

2. அந்தப் பொது இடம் எங்கே இருக்கிறது? அறைக்குப் போகும் வழியில் இருக்க வேண்டும். கட்டிடத்தின் கோடியில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தால் யாரும் போக மாட்டார்கள்.

3. படிக்கட்டும் மாடித் திருப்பமும் வெளிச்சமாக, நின்று பேசும் அளவு அகலமாக இருக்கின்றனவா? இருட்டு மூலைகள் எத்தனை?

4. அறைக்கு ஜன்னலும் காற்றும் உண்டா? தனியே இருக்க நல்ல இடம் இருப்பவனே நாலு பேரோடு கூட மனமுவந்து வருவான்.

5. வார்டன் விடுதியிலேயே வசிக்கிறாரா? ஒரு மாணவர் இரண்டு வேளை சாப்பிட வராவிட்டால் அது யாருக்குத் தெரியும் என்று நேரில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் யோசியுங்கள்.

6. மொழி, மாநிலம், சாதி பார்த்து அறைகளைப் பிரிக்கிறார்களா? நம் பிள்ளைக்குத் தமிழ்த் துணை கிடைத்தால் முதல் வாரம் ஆறுதல்தான். ஆனால் மராத்தியும் மலையாளமும் பேசும் பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் தேநீர் குடிக்கப் பழகினால், நான்கு ஆண்டில் அவன் நான்கு ஊருக்குச் சொந்தக்காரனாகிவிடுவான். வேற்றூரில் பிழைக்கும் நமக்கு இதன் அருமை தெரியும்.

இருக்கும் கட்டிடத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனாலும் மனமிருந்தால் வழியுண்டு. அமெரிக்காவில் மூன்று அறைகளை ஒழித்துக் கூடமாக்கியது போல, நம் கல்லூரிகள் மாடிக்கு ஓர் அறையை விட்டுக்கொடுக்கலாம். நாலு பெஞ்சு, ஒரு மேசை, குடிதண்ணீர்ப் பானை, தேநீர் போட ஓர் அடுப்பு. அந்த ஓர் அறையின் வாடகையைக் கல்லூரி இழக்கும். இழப்பு என்று கணக்கில் எழுதுவார்கள். அந்த மாடியில் ஒரு பிள்ளை நாலு நாளாகப் பேச ஆளில்லாமல் கிடக்காதபடி அது தடுக்குமானால், அதை வரவில் எழுதுவதே சரியான கணக்கு.